தேசிய குற்ற ஆவணக் காப்பகத் தரவை வைத்து ஆய்வேடு எழுதப்போகிறீர்களா?

சமூகவியல் முதுகலை இறுதியாண்டில், "மதுரை நகரில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள்: ஐந்தாண்டு ஒப்பீடு" என்று தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். புள்ளிவிவரம்தானே, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்சிஆர்பி) தளத்தில் கிடக்கிறது, இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம் என்ற தைரியம். ஆறு மாதம் ஆனது. அதில் நான்கு மாதம், முன்னாலேயே ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். குற்றவியல், சமூகவியல், சட்டம், இதழியல் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும் இந்தத் தரவைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. மூன்று அறிக்கைகளில் எது உங்களுடையது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அமைப்பு. அதன் ஆண்டு வெளியீடுகளில் ஆய்வுக்குப் பயன்படுபவை முக்கியமாக மூன்று. மூன்றும் இலவசம். தளத்திலேயே பிடிஎஃப் கிடைக்கும். யாராவது "டேட்டா வாங்கித் தருகிறேன்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். எங்கள் துறையிலேயே ஒருவர் கொடுத்தார்.

"இந்தியாவில் குற்றங்கள்": காவல் நிலையங்களில் பதிவான வழக்குகள், கைதுகள், குற்றப்பத்திரிகைகள், நீதிமன்ற முடிவுகள். மூன்று தொகுதிகளாக வரும்.

"விபத்து மரணங்களும் தற்கொலைகளும்": சாலை விபத்து, மின்னல், நீரில் மூழ்குதல், தற்கொலை.

"சிறைப் புள்ளிவிவரங்கள்": சிறைகளின் கொள்ளளவு, கைதிகளின் வகை, சிறை மரணங்கள், ஊழியர் எண்ணிக்கை.

வரதட்சணை மரணம் முதல் அறிக்கையில் இருக்கும். வரதட்சணைப் பிரச்சினையைக் காரணமாகக் காட்டிய தற்கொலை இரண்டாவதில் இருக்கும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால், ஒரே மரணம் இரண்டு முறை கணக்கில் வர வாய்ப்புண்டு. கூட்டவே கூட்டாதீர்கள்.

2. தலைப்பைப் பதிவு செய்யும் முன் உங்கள் ஊரைத் தேடுங்கள்

நான் முட்டிக்கொண்ட முதல் இடம் இது. "இந்தியாவில் குற்றங்கள்" அறிக்கையில் மாநகரங்களுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. ஒன்றைத் திறந்து மதுரையைத் தேடினேன். அகர வரிசையில் லக்னோ, மும்பை, நாக்பூர் என்று போகிறது. இரண்டாம் முறை தேடினேன். மதுரை இல்லை. 20 லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட 19 மாநகரங்கள்தான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோயம்புத்தூரும் மட்டும்.

இதில் வேடிக்கை, விபத்து–தற்கொலை அறிக்கையில் 53 நகரங்கள் உண்டு. மதுரையும் திருச்சியும் அதில் இருக்கின்றன. என் சீனியர் அதைப் பார்த்துவிட்டுத்தான் "மதுரைக்கு டேட்டா இருக்குப்பா" என்று சொல்லியிருக்கிறார்.

சரி, மாவட்ட வாரியாக வேண்டுமென்றால்? தளத்தில் "கூடுதல் அட்டவணைகள்" என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே "மாவட்டம்" என்றால் காவல் துறையின் மாவட்டம். கலெக்டரின் மாவட்டம் வேறு. மதுரை என்று இரண்டு வரிசை வரும், நகரம் ஒன்று, புறநகர் ஒன்று. ரயில்வே போலீசுக்கும் தனி வரிசை இருக்கும். 38 மாவட்டம் என்று எண்ணிக்கொண்டு போனால் கணக்கு இடிக்கும்.

ஐந்தாண்டு ஒப்பீடு செய்பவர்கள் எல்லை மாற்றங்களை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன, 2020-இல் மயிலாடுதுறை. 2022 ஜனவரியில் ஆவடி, தாம்பரம் காவல் ஆணையரகங்கள் செயல்படத் தொடங்கின. 2021-க்கும் 2022-க்கும் இடையே சென்னை வரிசையில் எண்ணிக்கை இறங்கினால், குற்றம் குறைந்துவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். காவல் நிலையங்கள் வேறு கணக்குக்குப் போயிருக்கும்.

3. அறிக்கை எப்போது வரும்?

தேதி சொல்ல முடியாது. 2017-ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2019 அக்டோபரில் வந்தது. 2021-க்கானது அடுத்த ஆண்டே, 2022 ஆகஸ்ட்டில். 2022-க்கானது 2023 டிசம்பரில். 2023-க்கானது 2025 செப்டம்பர் இறுதியில். எட்டு மாதத்திலிருந்து இருபத்திரண்டு மாதம் வரை எதுவும் நடக்கலாம்.

நான் 2021 வரை அட்டவணை போட்டு, விளக்கப்படம் வரைந்து, இரண்டு அத்தியாயம் முடித்திருந்த நேரம். டிசம்பர் முதல் வாரத்தில் 2022 அறிக்கை வந்தது. கைடு மேடம் வாட்ஸப்பில் இணைப்பை அனுப்பி, "இதையும் சேர்த்துடுங்க" என்று ஒரே வரி. மூன்று வாரம் போயிற்று.

இதற்கு ஒரே வழி, சினாப்சிஸிலேயே (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) ஆய்வுக்காலத்தைப் பூட்டிவிடுவது. "2018 முதல் 2022 வரை, அதன்பின் வெளியாகும் அறிக்கைகள் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

4. பதிவிறக்கும்போது

பிடிஎஃப்பில் இருந்து எண்களை நகலெடுத்து ஒட்டாதீர்கள். தளத்தில் அட்டவணைகள் எக்ஸெலாகவும் கிடைக்கின்றன. பெரும்பாலும் ஏ வரிசை மாநிலங்களுக்கு, பி வரிசை மாநகரங்களுக்கு. பெண்களுக்கு எதிரான குற்றங்கள் 3ஏ-வில், சைபர் குற்றங்கள் 9ஏ-வில் இருக்கும்.

கோப்பின் பெயரிலேயே பதிவிறக்கிய தேதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தளத்தின் முகவரிகள் மாறுகின்றன. நாளை அதே இடத்தில் அந்தக் கோப்பு இருக்கும் என்று நம்ப முடியாது.

அடிக்குறிப்பைப் படிக்காமல் எந்த அட்டவணையையும் மூடாதீர்கள். 2019 அறிக்கையில், மேற்கு வங்கத்திலிருந்து உரிய நேரத்தில் தரவு வராததால் 2018-இன் எண்களையே போட்டிருக்கிறார்கள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரிதான் இருக்கும். அதைக் கவனிக்காமல் "மேற்கு வங்கத்தில் இரண்டு ஆண்டுகளாக மாற்றமே இல்லை" என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மானம் போகும்.

5. எண்ணும் முறையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆய்வேட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

முதலில், எண்ணப்படுவது எஃப்ஐஆர். நடந்த குற்றம் அத்தனையும் அல்ல. ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பியவர், எஃப்ஐஆர் போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பப்பட்டவர், சமாதானம் பேசி முடித்தவர் யாரும் இந்த அறிக்கையில் இல்லை. பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று அறிக்கையே முன்பகுதியில் எச்சரிக்கிறது. எளிதாகப் புகார் பதியும் மாநிலம் பட்டியலில் மேலே நிற்கும், பதியாத மாநிலம் யோக்கியமாகத் தெரியும். இரண்டு மாநிலங்களை ஒப்பிடும் ஆசை வந்தால், ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள். கட்டாயம் ஒப்பிட வேண்டுமென்றால் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். சடலத்தை மறைப்பது கடினம் என்பதால், மற்றவற்றைவிட அந்த எண் நம்பகமானது.

இரண்டாவது, முதன்மைக் குற்ற விதி. ஒரே எஃப்ஐஆரில் ஐந்து பிரிவுகள் இருந்தாலும், அதிகத் தண்டனைக்குரிய குற்றத்தின் கீழ் ஒரே ஒரு முறைதான் எண்ணுவார்கள். வீட்டுக்குள் புகுந்து கொள்ளையடித்துக் கொலையும் செய்தால் அது கொலைக் கணக்கு. பாலியல் வன்கொடுமை செய்து கொலை செய்தால், அதற்கென்று தனித் தலைப்பு இருக்கிறது. வெறும் "வன்கொடுமை" வரிசையில் அந்த வழக்கைத் தேடினால் கிடைக்காது. ஆக, சிறிய குற்றங்களின் எண்ணிக்கை எப்போதும் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும்.

மூன்றாவது, தலைப்பில் வரும் மூன்று எழுத்துகள்: ஐ, வி, ஆர். ஐ என்றால் வழக்குகள், வி என்றால் பாதிக்கப்பட்டவர்கள், ஆர் என்றால் விகிதம். ஒரு வழக்கில் மூன்று பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஓர் ஆண்டுக்கு ஐ, மறு ஆண்டுக்கு வி என்று மாற்றி எடுத்துவிட்டு, "திடீர் உயர்வு" என்று ஒரு பத்தி எழுதிய புண்ணியவதி நான்தான்.

நான்காவது, விகிதம். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பதுதான் விகிதம், ஆனால் எந்த ஒரு லட்சம்? 2022-இல் பெண்களுக்கு எதிரான வழக்குகள் 4,45,256. அறிக்கையில் விகிதம் 66.4. நான் நாட்டின் மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தேன். 32 சொச்சம் வந்தது. அரசாங்க அறிக்கையில் தவறு கண்டுபிடித்துவிட்டேன் என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தோழியை எழுப்பிச் சொன்னேன். காலையில் அடிக்குறிப்பைப் பார்த்தால், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குப் பெண்களின் மக்கள்தொகையால் மட்டும் வகுத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு எதிரானவற்றுக்குக் குழந்தைகளின் மக்கள்தொகை. அந்த மக்கள்தொகையும் 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். 2021-இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை என்பதால், ஆண்டு ஏற ஏற விகிதத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஐந்தாவது, 2020. இந்த ஆண்டைத் தொடும் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 2019-இல் 51,56,158, 2020-இல் 66,01,285. ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்தபோது குற்றம் எகிறியதா? திருட்டு, கொள்ளையெல்லாம் இறங்கியிருக்கின்றன. ஏறியவற்றில் முக்கியமானது ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 188, அதாவது அரசு உத்தரவை மீறுதல். 2019-இல் 29,469 வழக்குகள், 2020-இல் 6,12,179. ஊரடங்கு விதிகளை மீறியதாகப் பதிந்த வழக்குகள்தான் இதில் பெரும்பங்கு. மொத்த எண்ணை வைத்துக் கோட்டுப்படம் வரைவதென்றால் 188-ஐக் கழித்து ஒன்று, கழிக்காமல் ஒன்று என இரண்டு கோடு வரையுங்கள்.

ஆறாவது, தண்டனை விகிதம். விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனையில் தண்டனை கிடைத்தது என்பதுதான் இது. அந்த ஆண்டு முடிந்த வழக்கு ஏழு ஆண்டுக்கு முன் பதிவானதாகவும் இருக்கலாம். 2022-இல் பதிவான வழக்குகளையும் 2022-இல் தண்டனை பெற்ற வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சதவீதம் போடுவது தப்பு. பத்திரிகைகளிலேயே இதைச் செய்கிறார்கள்.

சிறை அறிக்கைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அதில் வரும் கைதிகள் எண்ணிக்கை டிசம்பர் 31 அன்று உள்ளே இருந்தவர்கள். 2022 டிசம்பர் 31 அன்று 5,73,220 பேர்; அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஆண்டு முழுவதும் வந்து போனவர்கள் இதைவிட மிக அதிகம். தமிழ்நாட்டை எடுத்தால் குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர்கள் "தடுப்புக் காவல்" என்ற தனி வகையில் இருப்பார்கள். அவர்களை விசாரணைக் கைதிகளோடு கூட்டிவிடாதீர்கள்.

6. 2024-ஐத் தொடுபவர்களுக்கு

2024 ஜூலை 1 முதல் ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அந்த ஆண்டின் முதல் பாதி வழக்குகள் பழைய சட்டத்தில், மறுபாதி புதிய சட்டத்தில். ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்கு ஜூலைக்குப் பின் வழக்குப் பதிந்தால் பழைய சட்டப் பிரிவுதான் வரும்.

கொலை 302 இப்போது 103. மோசடி 420 இப்போது 318(4). கணவன் வீட்டார் கொடுமை 498ஏ இப்போது 85, 86. இவை நேருக்கு நேர் பொருந்தும். சங்கிலிப் பறிப்பு மாதிரி "பறித்தல்" 304 என்று தனிக் குற்றமாகியிருக்கிறது. முன்பு இப்படி ஒரு தனிப் பிரிவு கிடையாது. உங்கள் தலைப்பு திருட்டு, பறிப்பு என்றால் 2023-இல் நிறுத்திக்கொள்வது உத்தமம்.

7. கிடைக்காததை ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேளுங்கள்

காவல் நிலைய வாரியான எண்கள், மாத வாரியான எண்கள் தேசிய அறிக்கையில் வராது. டெல்லிக்கு எழுதிப் பயனில்லை. மாநிலங்கள் அனுப்புவதைத்தான் அவர்கள் தொகுக்கிறார்கள். சென்னையில் உள்ள மாநில குற்ற ஆவணக் காப்பகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கோ, அந்தந்த மாவட்ட எஸ்பி அல்லது மாநகர ஆணையர் அலுவலகத்துக்கோ எழுதுங்கள்.

கட்டணம் 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகம் என்றால் மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு இந்த ஸ்டாம்ப் செல்லாது. போஸ்டல் ஆர்டர் எடுங்கள், அல்லது மத்திய ஆர்டிஐ தளத்தில் ஆன்லைனில் கட்டுங்கள். நான் டெல்லி அலுவலகம் ஒன்றுக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பி, மனு அப்படியே திரும்பி வந்தது. பதினெட்டு நாள் வீண். மாநிலத்துக்கும் ஆன்லைன் தளம் உண்டு. நீங்கள் கேட்கும் அலுவலகம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் முதல் மனு: "கடந்த ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்கு எதிரான அனைத்து வழக்குகளின் முழு விவரங்களையும் வழங்கவும்." பிரிவு 7(9)-ஐக் காட்டி, தொகுத்துத் தர அலுவலக உழைப்பு அளவுக்கு மீறிச் செலவாகும் என்று பதில் வந்தது. இரண்டாம் மனுவில், நானே ஒரு கட்டம் வரைந்து இணைத்தேன். இடதுபக்கம் காவல் நிலையங்களின் பெயர், மேலே ஆண்டுகள், உள்ளே எண்ணிக்கை மட்டும். "இந்தப் படிவத்தில் அல்லது தங்களிடம் உள்ள படிவத்தில் வழங்கினால் போதும்" என்று ஒரு வரி. இருபத்தாறாம் நாள் பதில் கையில்.

பெயர், முகவரி, வழக்கின் விவரம் எதையும் கேட்காதீர்கள். "ஏன்" என்றும் கேட்காதீர்கள். காரணம் தகவல் ஆகாது. மத்திய அலுவலகத்துக்கு மனு 500 சொல்லுக்குள் இருக்கட்டும்.

பதிலுக்கு 30 நாள். நகல் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபாய். கட்டச் சொல்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள்வரை அந்த 30 நாளில் சேராது. அதனால் உடனே கட்டுங்கள். பதில் வரவில்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, கட்டணம் கிடையாது. அவர்களுக்கு 30 நாள், அதிகபட்சம் 45. அதற்கும் மேலே தகவல் ஆணையம் இருக்கிறது, 90 நாளுக்குள் போகலாம். ஆனால் முதுகலை மாணவர்கள் அதை நம்பி ஆய்வைத் திட்டமிடாதீர்கள். அங்கே உங்கள் முறை வருவதற்குள் பட்டமளிப்பு விழாவே முடிந்திருக்கும்.

தபாலில் அனுப்பினால் ஒப்புகை முக்கியம். பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. கவுன்டரில் டெலிவரி ஒப்புகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதி இல்லாமல் மேல்முறையீட்டில் நாள் கணக்குக் காட்ட முடியாது.

8. சிறைக்குள் போய்ப் பேட்டி எடுக்க வேண்டுமென்றால்

சுருக்கமாகச் சொன்னால், முதுகலைக்கு வேண்டாம். முனைவர் பட்டம் என்றால் மனு சென்னை எழும்பூரில் உள்ள சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைத் தலைமையகத்துக்குப் போக வேண்டும். நேரே சிறைக் கண்காணிப்பாளரிடம் போய் நின்றால் அன்பாகத் திருப்பி அனுப்பிவிடுவார்.

துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், போனஃபைட் சான்றிதழ், ஆதார் நகல், சினாப்சிஸ், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், கேட்கப்போகும் கேள்விகள் முழுவதும் தமிழில், கைதியிடம் வாங்கும் ஒப்புதல் படிவம். இவற்றை முதலிலேயே சேர்த்து வையுங்கள். எத்திக்ஸ் கமிட்டி மாதா மாதம் கூடுவதில்லை, அடுத்த கூட்டம் எப்போது என்று ஜூனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் அறைத்தோழி எல்லாம் கொடுத்தும் ஐந்து மாதம் காத்திருந்தாள். உள்ளே போன், ரெக்கார்டர் கொண்டுபோக முடியும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள்; கையால் எழுதப் பழகுங்கள்.

9. எனக்கு ஆன செலவும் நாளும்

ஆர்டிஐ மனுக்கள் நான்கு, கட்டணம் 40 ரூபாய். தபால் செலவு ஒப்புகையோடு 200-க்குக் கொஞ்சம் மேல். நகல் கட்டணம் 62 பக்கத்துக்கு 124 ரூபாய். தேவையே இல்லாமல் மூன்று தொகுதி பிடிஎஃப்பையும் பிரின்ட் போட்டுப் பைண்ட் செய்தது 1,900 ரூபாய்; அந்த மூன்று மூட்டையும் இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

மறுபடி செய்வதென்றால், ஜூனில் தலைப்பு பதியும் அதே வாரத்தில் ஆர்டிஐ மனுவைப் போட்டுவிடுவேன். ஜூலையில் எக்ஸெல் அட்டவணைகளை இறக்கி, அடிக்குறிப்புகளை மட்டும் தனி நோட்டில் எழுதுவேன். ஆகஸ்ட்டில் ஆர்டிஐ பதில் வந்துவிடும்; வரவில்லையென்றால் மேல்முறையீடு போட அப்போதும் நேரம் இருக்கும். தீபாவளிக்குள் அட்டவணை வேலை முடிந்திருக்க வேண்டும்.

ஆர்டிஐயில் கிடைத்த பதிலைப் பின்னிணைப்பில் சேர்க்கும்போது கடித எண்ணும் தேதியும் தெரியட்டும், உங்கள் வீட்டு முகவரியை மட்டும் மறைத்துவிடுங்கள். நான் மறைக்க மறந்துவிட்டேன். நூலகத்தில் இருக்கும் பிரதியில் எங்கள் வீட்டுக் கதவு எண் வரை இருக்கிறது.